எழுத்துக்கு முன்னே செவி

 

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து சில வாரங்கள் கழிந்தபின் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே விதமான உரையாடலைக் கேட்கலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் உம்மா கேட்கிறார்: "இன்று ஆங்கில வகுப்பில் என்ன எழுதினாய்?" பிள்ளை சொல்கிறது: "ஒன்றும் எழுதவில்லை உம்மா. பாட்டுப் பாடினோம். டீச்சர் கதவைத் தொடு என்று இங்கிலீஷில் சொன்னார்கள். எல்லாரும் ஓடிப்போய்த் தொட்டோம்!" உம்மாவின் முகம் வாடுகிறது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த வாப்பாவோ, "விளையாடுவதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று கடிந்து கொள்கிறார். அன்றிரவே, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றலாமா, டியூஷனுக்கு அனுப்பலாமா என்ற ஆலோசனை தொடங்கிவிடுகிறது.

இந்த ஆலோசனையில் ஒன்றை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அந்தப் பிள்ளை மகிழ்ச்சியோடு வந்திருக்கிறது. ஆங்கில வகுப்பென்றால் வயிற்றைப் பிசையும் அச்சம் அதற்கு இல்லை. புதிய பாடமுறையைப் பற்றிப் பிள்ளையின் முதல் எண்ணம் ஒன்றாகவும், பெற்றோரின் முதல் எண்ணம் அதற்கு நேர்மாறாகவும் இருக்கிறது. இவற்றுள் எது சரி? இதைத்தான் இம்மாதம் நாம் ஆற அமரச் சிந்திக்கப் போகிறோம்.

நாம் ஆங்கிலம் கற்ற விதம்

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்றது எப்படி? முதலில் இருபத்தாறு எழுத்துகள். பிறகு நான்கு கோட்டு நோட்டில் அவற்றைப் பலமுறை எழுதுதல். பிறகு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஸ்பெல்லிங். பிறகு பாடம், அதன் கீழுள்ள வினாக்களுக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடும் விடைகள். அந்த விடைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பத்தாண்டுகள் இவ்வாறு படித்துத் தேறியவர்களிடம் ஒருவர் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டால் நா ஒட்டிக்கொள்ளும். வங்கியிலும், விமான நிலையத்திலும், சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் ஒரு விண்ணப்பத்தை நீட்டினால் யாரேனும் நிரப்பித் தருவார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்போர் எத்தனை பேர்! வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் சகோதரர்கள் பலர், தாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதறியாமலேயே கையெழுத்திட்டுள்ளனர்.

அறிவுக் குறைவால் ஏற்பட்ட நிலை அன்று இது. மொழியின் வாசல் செவி. நமக்கோ அந்த வாசல் அடைக்கப்பட்டு, எழுத்தென்னும் பலகணி வழியாக ஏறிக் குதிக்கும்படி சொல்லப்பட்டது.

ஏரிக்கரை சொல்லும் பாடம்

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியைக் கடந்து பழவேற்காடு ஏரியை நோக்கிச் செல்வோருக்குக் காட்டூர் முதலான ஊர்கள் தெரிந்திருக்கும். ஒருபுறம் வயல்களும் ஏரிகளும். மறுபுறம் உப்பு நீரும் நன்னீரும் கலந்த பெருங்காயலும் அதைச் சார்ந்து வாழும் மீனவக் குப்பங்களும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. ஆகவே இக்கரையில் தமிழும் தெலுங்கும் நெருங்கிப் பழகுகின்றன. மீன் விலை பேசும் இடத்தில் தெலுங்கில் தாராளமாகப் பேரம் பேசும் தமிழர்களைக் காணலாம். அவர்களிடம் ஒரு தெலுங்கு எழுத்தைக் காட்டிப் பாருங்கள்; தெரியாது என்பார்கள். எழுத்தே அறியாமல் ஒரு மொழி அவர்களுக்கு வசமாகியிருக்கிறது. எப்படி? காதால் கேட்டு, தேவைக்காகப் பேசி, தவறிப் பேசினால் சிரித்துக்கொண்டே திருத்தப்பட்டு!

இது இந்தக் கரைக்குப் புதிதன்று. அரபு வணிகர்கள் வந்து சென்ற துறை இது. போர்ச்சுகீசியர் வந்தனர். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இத்தனை மொழிக்காரர்களோடும் வணிகம் செய்த கடற்கரை மக்கள் எந்த இலக்கண நூலைக் கையில் வைத்திருந்தார்கள்? சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. துட்டு டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். வக்கீல், வசூல், பாக்கி ஆகியவை அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தவை. இவை யாவும் காது வழியே வந்து, நாவில் தங்கி, அதன்பின் எழுத்தில் ஏறியவை.

வலை வீசக் கற்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். கண்ணியின் அளவையும் கயிற்றின் பெயர்களையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டு அவன் படகேறுவதில்லை. முதலில் படகேறுகிறான்; பார்க்கிறான்; பிடித்துக்கொள் என்றதைப் பிடித்துக்கொள்கிறான். பெயர்கள் வேலையோடு சேர்ந்தே அவனுக்கு வந்து சேர்கின்றன.

நம் முன்னோரும் அரபுத் தமிழும்

இங்கே நம் சமுதாயத்தின் வரலாற்றில் உள்ள அரிய சான்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் அரபுத் தமிழ் முறை தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பல தலைமுறைகள் வழங்கி வந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816 - 1898) போன்ற பெருமக்கள் அம்முறையில் நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தறியாத நம் பாட்டிமார்கள், தமிழ் எழுத்து அறியாதவர்கள், அந்த நூல்களைச் சரளமாக வாசித்துப் பொருளுணர்ந்து பயனடைந்தார்கள். அது எவ்வாறு இயன்றது?

எழுத்தை அவர்கள் மக்தபில் கற்றிருந்தார்கள். மொழியோ ஏற்கெனவே அவர்களின் செவியில் இருந்தது. இரண்டும் சந்தித்தவுடன் வாசிப்பு பிறந்துவிட்டது. அதே பாட்டிமார்கள் அதே எழுத்தில் அமைந்த அரபு மொழி வசனங்களையும் ஓதினார்கள், அழகாக ஓதினார்கள், ஆனால் பொருளறிய ஆலிம்களின் துணை வேண்டியிருந்தது. எழுத்து ஒன்றே, வாசித்த கண்களும் ஒன்றே. ஓரிடத்தில் பொருள் உடனே விளங்கியதற்கும் மற்றோரிடத்தில் விளங்காததற்கும் காரணம், மொழி செவியில் இருந்ததும் இல்லாததும்தான். இறைமறையை ஓதுவதற்கு அதற்கேயுரிய நன்மை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆயின் ஆங்கிலத்தை நாம் படிப்பது ஓதி நன்மை பெறுவதற்கா? புரிந்துகொள்ளவும் புரிய வைக்கவும் அல்லவா? அதையும் பொருளறியாது ஒப்பித்துக் கொண்டிருந்தால் பயன் என்ன?

எழுத்தின் பெயரும் ஒலியும்

புதிய முறையில் பெற்றோரைத் திகைக்க வைக்கும் மற்றொன்று எழுத்துகளைச் சொல்லித் தரும் விதம். "ஏ, பி, சி என்று சொல்லாமல் அ, ப், க் என்று சொல்கிறது, டீச்சருக்கே தெரியவில்லையா?" என்று கேட்ட தாய்மார்கள் உண்டு. ஆங்கில எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. சி, ஏ, டி என்று மூன்று பெயர்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் கேட் என்ற சொல் வராது. அவற்றின் ஒலிகளைச் சேர்த்தால்தான் வரும். ஆகவே பெயருக்கு முன்பாக ஒலியைக் கற்பிக்கிறார்கள்.

மக்தபுக்குப் போகும் நம் பிள்ளைக்கு இது புதுமையே அன்று. அலிஃபு, பே, தே என்று பெயர் கற்று, ஜபர், ஜேர், பேஷ் சேரும்போது ஒலி எவ்வாறு மாறுகிறது என்று உஸ்தாத் கற்பிப்பதை அது நாள்தோறும் கேட்கிறது. "மக்தபில் ஓதுவது போலத்தான் இதுவும்" என்று ஒரு தாய் தன் மகளுக்கு எடுத்துச் சொன்னால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

சோதித்துப் பார்த்த அனுபவம்

"இதெல்லாம் நேற்று முளைத்த நாகரிகம்" என்று எண்ணுவோர் இருக்கலாம். நம் தென்னகத்திலேயே இதற்கு முன்னோடியான முயற்சி ஒன்று 1979ஆம் ஆண்டு தொடங்கிற்று. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு என்னும் கல்வியாளர் அதற்குத் தலைமை வகித்தார். பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்ற அது 1984 வரை நடைபெற்றது. பெங்களூரில் மட்டுமன்றிச் சென்னை, கடலூர் ஆகிய இடங்களிலும் சாதாரணப் பள்ளிகளில், சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்டே நடத்திப் பார்த்தார்கள்.

அந்த வகுப்புகளில் இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிக்கவில்லை. மாறாக, மாணவர்கள் முன் ஒரு சிறு சிக்கலை வைத்தார்கள். ரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு எந்த வண்டியில் போனால் விரைவில் சேரலாம் என்று கேட்பார்கள். ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஆங்கிலத்தில் பேசி அதுபோன்ற ஒரு சிக்கலைத் தீர்ப்பார். பின்னர் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே மற்றொன்றைத் தீர்க்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் விடை சொன்னாலும் ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். தவறான வாக்கியத்தைப் பேச்சோடு பேச்சாகச் சரியாகச் சொல்லிக் காட்டுவார். பிள்ளையின் சிந்தனை முழுவதும் வண்டியிலும் வழியிலும் இருக்கும். மொழியோ ஓசையின்றி உள்ளே இறங்கும். இதுவே பிரபு அவர்களின் கருத்து. 1987இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களால் படிக்கப்படுகிறது.

இதன் பயனை வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். இலக்கண அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறை மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். கேட்டும் படித்தும் புரிந்துகொண்டு மொழியைப் பயன்படுத்த வேண்டிய தேர்வுகளில் புதிய முறை மாணவர்கள் பெரும்பாலும் முன்னின்றார்கள். எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள் என்பதே இதன் சாரம். நம் பிள்ளைக்கு எது வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

தரையில் அமர்ந்த வகுப்பறை

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்ற முறை தொடங்கப்பட்டது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் அதற்கு முதன்மைக் காரணராவார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் கையாண்ட முறையைத் தழுவி அது அமைந்தது. 2007 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவடைந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கரும்பலகை. படக்குறிகளிட்ட அட்டைகளைத் தாமே எடுத்து, தம் வேகத்திற்கேற்பப் படிப்படியாக முன்னேறினார்கள்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சின்னஞ்சிறு பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியது. அதை ஈடுசெய்வதற்காக எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்த இடம் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய பாடங்களில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடல், கதை, விளையாட்டு, பயிற்சி நூல் ஆகியவற்றின் வழியே கற்பிப்பது அதன் அமைப்பு. மறு கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்க்கப்பட்டன.

காட்டூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி அத்தகைய வகுப்பில் முதன்முதலாக அமர்வதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன தோன்றும்? முதலில் வியப்பு: ஆசிரியை நாற்காலியில் இல்லை, நம்மோடு பாயில் இருக்கிறார். அடுத்து ஆறுதல்: எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டியதில்லை, எல்லாரோடும் சேர்ந்து பாடினால் போதும். பிறகு ஒரு கண்டுபிடிப்பு: ஃபிஷ், நெட், போட் என்று ஆசிரியை சொல்பவை நம் வீட்டு மீனும் வலையும் படகும்தான்! ஆங்கிலம் தொலைதூரத்துப் பொருளன்று, நம் வாசலில் கிடப்பதற்கும் அதில் பெயர் உண்டு என்ற அறிவு அந்நாளில் அவளுக்கு உதிக்கிறது. அவள் ஒரு மாதம் வாய் திறவாமல் இருக்கக்கூடும். அதற்காக அஞ்ச வேண்டாம். கைக்குழந்தை ஓராண்டு கேட்டுவிட்டல்லவா முதல் சொல்லைப் பேசுகிறது? "கதவைத் தொடு" என்றதும் அவள் கதவைத் தொட்டாளானால் மொழி உள்ளே போய்விட்டது என்று பொருள்.

குறைகளும் உண்டு

புதிய முறை என்பதாலேயே எல்லாம் நிறைவாகிவிடாது. ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பிள்ளையின் செவிக்கு எதுவும் கிடைக்காது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிப்பது அரிது. அட்டையை எடுத்து வைப்பதும் பயிற்சி நூலில் கட்டம் நிரப்புவதுமே பாடமாகிவிட்டால், பழைய மனப்பாடம் புதிய ஆடை உடுத்தி வந்தது என்றே கொள்ள வேண்டும். மேல் வகுப்புகளுக்குச் சென்றதும் எழுத்துத் தேர்வு காத்திருக்கிறது. ஆகவே எழுத்தும் இலக்கணமும் வேண்டவே வேண்டாம் என்பதும் தவறு. செவி முன்னே, எழுத்து பின்னே. இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம்.

அவ்வாறே, இங்கிலீஷ் மீடியம் என்று பலகை தொங்குவதால் மட்டும் அங்கே செவி திறக்கப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். அழகிய சீருடையும் கனத்த பையும், உள்ளே அதே ஒப்பித்தலுமாக இருக்கும் பள்ளிகள் உண்டு. மீன்பாட்டை நம்பிய குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். தமிழகத்தில் 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2022இல் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் வந்தபோதும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கே அவை உரியனவாக இருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். முதல் மாதத்து மனக்குறையால் எடுக்கும் முடிவு, பத்தாண்டுகளுக்குப் பின் மகளின் வாசலை மூடிவிடக் கூடாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

ஆங்கிலம் அறியாத தாய் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மற்றெவரையும் விட அவரே மிகுதியாகச் செய்ய முடியும்!

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். "என்ன எழுதினாய்?" என்பதற்குப் பதிலாக, "இன்று கேட்டதை எனக்குக் கற்றுக் கொடு" என்று கேளுங்கள். மகள் உஸ்தாதாகவும் தாங்கள் மாணவியாகவும் அமருங்கள். கற்பிப்பவர் இருமுறை கற்கிறார். மஃக்ரிபுத் தொழுகைக்குப் பின் கால்மணி நேரம் போதும்.

இரண்டாவது, நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். மற்றவர் முன் கேலி செய்யாதீர்கள். "இவள் இங்கிலீஷைக் கேளுங்கள்" என்று விருந்தினர் முன் சிரித்த ஒரு சிரிப்பு, ஒரு சிறுமியின் வாயைப் பல ஆண்டுகள் கட்டிவிடும். நம் பெண் பிள்ளைகள் பேசத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, உண்மையிலேயே கற்கிறாளா என்று சோதிக்க எளிய வழிகள் உண்டு. பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலால் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை முதல் வரியிலிருந்து ஓடி வந்தால்தான் அந்தச் சொல்லை எட்டும். கற்ற பிள்ளை அங்கேயே சொல்லிவிடும். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பார்த்திராத புதிய வரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் எளிய வாக்கியத்தை வாசித்துப் பொருள் சொல்ல இயலவில்லையென்றால், அப்போது கவலைப்படுவது நியாயம்.

நான்காவது, கவலையைத் திண்ணையில் பேசாமல் பள்ளியில் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அதில் தாய்மார்கள் பங்கேற்கலாம். "ஆங்கில வகுப்பில் எவ்வளவு நேரம் ஆங்கிலம் பேசப்படுகிறது? என் மகள் எந்த நிலையில் இருக்கிறாள்? அடுத்த நிலைக்குச் செல்ல நான் என்ன செய்ய வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளைப் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கேட்கும் பெற்றோர் இருக்கும் பள்ளியில் ஆசிரியரும் ஊக்கம் பெறுவார்.

அன்புத் தாய்மார்களே! நம் பாட்டிமார்கள் தங்கள் செவியில் இருந்த மொழியையும் கையில் கிடைத்த எழுத்தையும் ஒன்று சேர்த்து அறிவு பெற்றார்கள். நம் பேத்திமார்களுக்கும் அதே வழிதான், மொழி மட்டுமே வேறு. நோட்டுப் புத்தகம் சில மாதங்கள் வெறுமையாக இருக்கட்டும், செவி நிறையட்டும். செவி நிறைந்தால் நாவு தானே அசையும்; நாவு அசைந்தால் எழுதும் கையும் பின்தொடரும். அதுவரை பொறுத்திருப்பதும், அருகிருந்து கேட்பதுமே நம் கடமை. வல்ல இறைவன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக!